ஏழாவது ஓட்டை

"மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்," என்றார் இராசேஸ்வரி.

"அக்கா, என்னை வேலைக்கு எடுக்கேக்கை ஓட்டோ ஓடத் தெரியுமோ எண்டுதான் கேட்டனீங்கள். மோப்ப நாய் வேலையும் இருக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை."

"கதையை விட்டுப்போட்டு மண."

ஷாமில் குனிந்தான். பொலிஸ் நிலையத்துப் பின் விறாந்தையில், ஒரு பிளாஸ்ரிக் கதிரை மேல் அந்தப் பெட்டி இருந்தது. சப்பாத்துப் பெட்டியளவு தகரப் பெட்டி. பக்கத்தில் நின்ற சார்ஜன் கையைக் கட்டிக்கொண்டு இவர்களை வேடிக்கை பார்த்தார். சட்டத்தரணி சொன்னதற்காகக் கொஞ்ச நேரம் பார்க்க விட்டிருந்தார். தொடலாம், கழற்றக் கூடாது.

கதை இவ்வளவுதான். தண்ணீரூற்றில் ரேடியோ, ரீவி திருத்துகிற சிறாஜ், யானை வேலிக்குப் பூட்டுகிற பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து விற்பவன். உள்ளே ஒரு பற்றரி. கம்பியில் யானை முட்டினால் சுள்ளென்று ஒரு கடி கடிக்கும், அவ்வளவுதான். முத்தையன்கட்டில் கமம் செய்கிற முத்துலிங்கம் ஒன்றை வாங்கிப் போய் வயல் வேலியில் பூட்டினார். போன மாதம் ஒரு விடியலில் அதே வேலிக் கம்பியில் பட்டு அவருடைய ஒரே மகன் அனோஜன் செத்துப்போனான். இருபத்திரண்டு வயதுப் பெடியன். பெட்டிதான் பிழை என்று தகப்பன் சொன்னார். சிறாஜைப் பிடித்துக் கொண்டுபோய் மறியல் சிறையில் போட்டார்கள். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். அனுபவிக்கிறவர்களுக்கு அல்லவா தெரியும்!

சிறாஜும் ஷாமிலும், வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய பிறகு, புத்தளத்து அகதி முகாமில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். இராசேஸ்வரியோ முன்பு காப்புறுதிக் கொம்பனிக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய வாகனங்களையும் பார்த்துப் பார்த்தே கண் கூர்மையானவர். இப்போது முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்கு எதிரே சொந்தமாக ஒரு விசாரணைக் கந்தோர் வைத்திருக்கிறார். கந்தோர் என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கச்சான் கடலைப் பை. வாசலில் ஷாமிலின் ஓட்டோ.

ஷாமில் மூக்கை வைத்த இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் தடித்த ரப்பர் வளையம் ஒன்று பூட்டியிருந்தது. ஒரு தரம் இழுத்தான். மூளை வரைக்கும் ஏறியது. விறாந்தை அதிரும்படி தும்மினான். சார்ஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெல்லுக்கு அடிக்கிற மருந்து அக்கா! இது மருந்தடிக்கிற மெசின்ரை வாசர்!"

"நல்லது. மூக்கு வேலை செய்யுது. இப்ப சிறாஜின்ரை தகட்டை வை."

ஷாமில் தோளில் தொங்கிய சாக்குப் பையிலிருந்து ஒரு தடித்த இரும்புத் தகட்டை எடுத்தான். காலையில் சிறாஜின் மனைவி அஸ்மியா கொடுத்துவிட்டது. மெல்லிய தகரத்தில் டிறில் வழுக்கி அங்குமிங்கும் ஓடும். அதற்காகச் சிறாஜ் செய்து வைத்திருக்கிற அச்சு அது. அச்சைத் தகரத்தின் மேல் இறுக்கிப் பூட்டி, அச்சில் உள்ள ஓட்டைகளுக்குள்ளால்தான் துளைப்பான். பத்துப் பெட்டி செய்தாலும் பத்திலும் ஓட்டைகள் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

பெட்டியின் முகப்பில் அச்சை வைத்துச் சற்று அசைத்தான். டக்கென்று குந்தியது. சுவிச்சு, சிவப்பு லைற், குமிழ், பியூஸ், வேலிக்குப் போகிற கம்பி, நிலத்துக்குப் போகிற கம்பி. ஆறும் அச்சின் ஆறு ஓட்டைகளுக்குள்ளும் மயிரிழை பிசகாமல் தெரிந்தன. ரப்பர் போட்ட ஏழாவது ஓட்டை மட்டும் இரும்புக்குப் பின்னால் மறைந்து போனது.

"பாத்தீங்களோ ஐயா?" என்றார் இராசேஸ்வரி சார்ஜனிடம். "பற்றரி பெட்டிக்குள்ளை. இந்த ஆறும் உள்ளை இருக்கிற சாமானுக்கும் வெளியிலை போற கம்பிக்கும். வெளியிலை இருந்து ஏதும் உள்ளை வாறதுக்கு இந்தப் பெட்டியிலை வழியே இல்லை. ஏழாவதுதான் வழி."

"அந்த ஏழாவதையும் சிறாஜே பிறகு போட்டிருக்கலாம்தானே?" என்றார் சார்ஜன். "அச்சு இல்லாமல் ஒரு ஓட்டை போட ஏலாதோ அவருக்கு?"

நியாயமான கேள்வி. ஷாமிலுக்கு அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போல இருந்தது. இராசேஸ்வரி சிரித்துவிட்டு, அந்த ஓட்டையைத் தன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நடந்தார்.

தண்ணீரூற்றில் சிறாஜின் கடை அரைவாசி திறந்தும் அரைவாசி பூட்டியும் கிடந்தது. திருத்தக் கொடுத்த ஃபான்களைக்கூட ஆட்கள் திருத்தாமலே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அஸ்மியா ஃபோனை வாங்கிப் படத்தை விரித்துப் பார்த்தாள்.

"என்னக்கா இது, மூண்டு மூலையாக் கிடக்கு? முதல் சின்னதாத் துளைச்சுப்போட்டுத்தான் பெரிய பிற்றை விடவேணும். நேரடியாப் பெரிசை விட்டா மெல்லிசுத் தகரத்திலை இப்பிடித்தான் வரும். இது அவர் போட்டதெண்டு சொன்னா, அவருக்கு மறியலிலை இருக்கிறதை விட வெக்கமாப் போயிரும்."

"மருந்து மெசின் வாசர் ஏதும் கடையிலை பாவிக்கிறவரோ?"

"சீ! அவர் அந்த மணம் பட்டாலே சோறு தின்னமாட்டார்."

ஷாமில் ஏதாவது பகிடி சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தான். அதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நேற்றுப் பாக்கப் போனனான், ஷாமில் நானா. 'அஸ்மியா, என்ரை பெட்டிதான் அந்தப் பிள்ளையைச் சாகடிச்சதோ?' எண்டு என்னையே கேட்டு அழுறார். நான் என்னத்தைச் சொல்ல? பற்றரியாலை ஆளைக் கொல்ல ஏலாதெண்டு அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தவர். இப்ப அவருக்கே நம்பிக்கையில்லை. சனமும் ஒரு மாதிரிப் பாக்குது. உம்மா திரும்பப் புத்தளத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுறா. ஒருக்கா எழும்பி ஓடினது காணாதோ? நான் போகமாட்டன்."

"நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை," என்றான் ஷாமில். சொல்லிவிட்டானே தவிர, எதை வைத்துச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

ஓட்டோ ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பியதும் பின்னால் கச்சான் உடைக்கிற சத்தம் கேட்டது. அக்கா யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"அக்கா, இந்த வன்னியிலை மருந்து மெசின் இல்லாத வீட்டைத்தான் தேடவேணும். வாசர் இல்லாத மெசினைத் தேடி வீடு வீடாப் போனா, அதுக்கிடையிலை சிறாஜுக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்."

"வீடு வீடா ஏன் போவான்? பெட்டி தொங்கின வீட்டுக்குப் போவம்." கோதை வெளியே எறிந்தார். "எனக்கு விளங்காதது வேறை. ஓட்டை போட்ட கைக்கு டிறில் பழக்கமில்லை. ஆனா வயர் விளிம்பிலை வெட்டுப்பட்டுப் போகும் எண்டு கவலைப்பட்டு, வாசர் தேடிப் பூட்டியிருக்கு. வேலை தெரியாத கை. ஆனா பொறுப்பான கை. ஆரையும் கொல்ல நினைச்சவன் வாசர் போடுவானோ?"

ஷாமில் ஓட்டோவை முத்தையன்கட்டுப் பக்கம் விட்டான்.

முத்துலிங்கத்தின் வீட்டு வாசலில் முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்குப் போட்ட பந்தலின் தடிகள் இன்னும் அவிழ்க்காமல் நின்றன. உள்ளே அனோஜனின் படம். அதற்கு முன்னால் விளக்கு. படத்தில் பெடியன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான். ஷாமில் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றான். முடியவில்லை.

முத்துலிங்கம் கதிரையிலிருந்து எழுந்து கும்பிட வந்தார். ஒரு கைதான் எழும்பியது. வலக்கை முழங்கைக்குக் கீழே இல்லை. கடைசிச் சண்டையில் செல் குண்டு கொண்டுபோன கை என்று அவர் மனைவி வடிவம்மா, கேட்காமலே சொன்னார். ஐம்பது வயதிருக்கும். அழுது அழுது குரலே மாறிப்போயிருந்தது.

"வழக்கு விசயமா வந்தனீங்களோ? அவனை வெளியிலை விட்டிடாதேங்கோ. நான் கையெடுத்துக் கேக்கிறன்." பிறகு ஷாமில் பக்கம் திரும்பினார். "தம்பீன்ரை பேரென்ன?"

"ஷாமில், அம்மா."

"அந்தப் பெடியனுக்குச் சொந்தமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. "சொந்தமில்லை அம்மா. கூட்டாளி."

வடிவம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். போ வெளியே என்று சொல்லப்போகிறார், சொன்னால் போகத்தான் வேண்டும் என்று ஷாமில் நினைத்தான்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் குசினிக்குப் போனார்.

இராசேஸ்வரி கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேப்ப மரத்துக் கொப்பில் மருந்தடிக்கிற மெசின் தொங்கியது. குழாய் பூட்டுகிற இடத்தில் பழந்துணி ஒன்றை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அப்படியும் துணி நனைந்து, கீழே நிலம் ஈரமாகக் கிடந்தது.

"மெசின் ஒழுகுது போலை, அண்ணை."

"ஓம். வாசர் போயிட்டுது."

"எங்கை போனது?"

முத்துலிங்கம் திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். இராசேஸ்வரி ஃபோனை எடுத்து அவருடைய மடியில் வைத்தார். படத்தில் மூன்று மூலை ஓட்டையும் ரப்பர் வளையமும் பெரிதாகத் தெரிந்தன. மனிதர் அதைப் பார்த்தார். குசினிப் பக்கம் பார்த்தார். இருந்தாற்போல் தோள் இரண்டும் கீழே விழுந்தன.

"நான்தான் பிள்ளை," என்றார். "வீட்டுக் கரண்டை நேரா வேலிக்குக் குடுத்தது நான்தான்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தவும் இல்லை.

"நெல்லு பால் பிடிச்ச நேரம். அந்தப் பெட்டியின்ரை கடி யானைக்குப் பழகிப்போச்சு. இரண்டு தரம் வந்து உழக்கீட்டுப் போயிட்டுது. இந்தப் போகமும் போனா நாங்கள் என்னத்தைத் தின்னுறது? பொழுதுபட அந்தப் பெட்டிக்குள்ளாலையே வயரைக் குடுப்பன், வெளியிலை ஆருக்கும் தெரியாது. விடிய முதல் நானே போய்க் கழட்டுவன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னா இவா விடமாட்டா. அண்டைக்குப் பெடியன் எனக்கு முந்தி எழும்பிப் போயிட்டான். வயலுக்குத் தண்ணி மாறிக் கட்ட. அவன் அந்தக் கம்பியைக் காலாலை தட்டிப்போட்டுச் சிரிக்கிறவன். சும்மா கடிக்குதப்பா, எறும்பு மாதிரி எண்டு சொல்லுவான்..."

"பிறகு?"

"வயரை இழுத்து எடுத்து ஒளிச்சுப்போட்டுத்தான் கத்தினனான்."

ஷாமில் எழும்பிவிட்டான். சந்தோசமா, ஆத்திரமா என்றே தெரியவில்லை. "பிள்ளையையும் சாகக் குடுத்துப்போட்டு, ஒண்டும் செய்யாதவனைக் கொண்டுபோய் மறியலிலை போட்டியளோ? அவன் அங்கை என்ரை பெட்டியோ எண்டு கேட்டு அழுறான்! உங்களுக்கு நெஞ்சு இருக்கோ?"

"ஷாமில். இரு."

"என்னத்துக்கு அக்கா இருக்கிறது? ஆள் ஒத்துக்கொண்டிட்டார். ஏத்துங்கோ ஓட்டோவிலை, பொலிசுக்குப் போவம்."

"இரு எண்டு சொன்னனான்." இராசேஸ்வரி முத்துலிங்கத்தின் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டார். "கரண்ட் குடுத்தது நீங்கள். ஓட்டை போட்டது ஆர் அண்ணை?"

"அதுவும் நான்தான்."

"எதாலை?"

அவர் முகட்டு வளையில் தொங்கிய கை டிறிலைக் காட்டினார். ஒரு கையால் பிடித்து, மறு கையால் பிடியைச் சுற்ற வேண்டிய பழைய டிறில்.

"காலாலை பெட்டியை மிதிச்சுக்கொண்டு, டிறிலை நெஞ்சாலை அமத்தி, இந்தக் கையாலை சுத்தினனான்."

"மிதிச்சிருந்தா அந்தத் தகரம் நெளிஞ்சிருக்கும். பெட்டியிலை ஒரு நெளிவு இல்லை. சரி, அதையும் விடுவம். அந்த வாசரைச் சுத்திவர பிளேட்டாலை கீறி, கீறின பள்ளத்துக்குள்ளை தகரத்தின்ரை விளிம்பை இறுகப் பூட்டியிருக்கு. இரண்டு கையும் இருக்கிற எனக்கே அது லேசிலை வராது."

முத்துலிங்கம் சட்டென்று இருந்த ஒரு கையால் இராசேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெல்லமாக் கதையுங்கோ. உங்களைக் கும்பிடுறன், மெல்லமாக் கதையுங்கோ."

குசினிக்குள் பேணி முட்டுகிற சத்தம் கேட்டது. ஷாமிலுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

"என்ரை மற்றக் கை இவாதானே பிள்ளை," என்றார் முத்துலிங்கம். "கை போன நாளிலை இருந்து நான் ஆணி பிடிப்பன், இவா அடிப்பா. நான் மரம் பிடிப்பன், இவா வாள் இழுப்பா. அண்டைக்கும் அப்பிடித்தான். யானை வந்தா வீட்டிலை அடிக்கிற மாதிரி ஒரு மணி பூட்டப்போறன், அதுக்கு வயர் விடவேணும் எண்டு பொய் சொன்னனான். நான் டிறிலை நெஞ்சாலை அமத்த, இவா பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு சுத்தினா. ஓட்டை போட்டு முடியத் தடவிப் பாத்தவா. இது வெட்டுது, வயர் அறுந்துபோகும் எண்டு சொல்லி, ஓடிப்போய் மெசின்ரை வாசரைக் கழட்டிக்கொண்டு வந்து பூட்டினதும் இவாதான்."

அவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"என்னைக் காப்பாத்திறதுக்குப் பெட்டி பிழையெண்டு சொன்னனான் எண்டு நினையாதேங்கோ. என்னை இப்பவே கொண்டுபோய்த் தூக்கிலை போடட்டும். கரண்ட் நான் குடுத்தது எண்டு தெரிஞ்சா, இவா எந்த வழியாலை குடுத்தது எண்டு யோசிப்பா. யோசிச்சா விளங்கீடும். விளங்கினாப் பிறகு இவா உயிரோடை இருக்கமாட்டா, பிள்ளை. ஒரு வீட்டிலை இரண்டு செத்தவீட்டுக்கு நான் எங்கை போவன்?"

ஷாமில் பல்லைக் கடித்துக்கொண்டு வேப்ப மரத்தைப் பார்த்தான். சற்று முன் இந்த மனிதரைக் கிழித்துப் போட வேண்டும் என்று நின்றவன். இப்போது அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் சிறாஜ்? அவன் மறியலில் கிடக்கிறான். கடைக்கு ஒரு சனம் வருவதில்லை. அஸ்மியா உடுப்புப் பெட்டியைக் கட்டமாட்டேன் என்று நிற்கிறாள். அவளுக்கு அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

இராசேஸ்வரியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. குரல் கலங்கவில்லை.

"சிறாஜ் வெளியிலை வரவேணும் அண்ணை. அதிலை பேச்சில்லை. இப்பவே எங்களோடை வந்து கரண்ட் குடுத்தது நீங்களெண்டு சொல்லவேணும்."

"வாறன். ஓட்டை?"

"ஓட்டையைப் பற்றி நானாப் போய் வாய் திறக்கமாட்டன். அதுக்கு மேலை எனக்கு ஏலாது."

அவர் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து வடிவம்மா தட்டத்தோடு வந்தார். மூன்று பேணித் தேத்தண்ணி. மனுசன் எழும்பி நிற்பதைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"பொலிசுக்கு." முத்துலிங்கம் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "பெட்டி பிழையில்லை வடிவு. நான்தான். வீட்டுக் கரண்டை நான்தான் வேலிக்குக் குடுத்தனான். உனக்கும் சொல்லேல்லை. பிள்ளைக்கும் சொல்லேல்லை."

தட்டம் விழுந்து சிதறும், இந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு குழறுவார் என்று ஷாமில் எதிர்பார்த்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வடிவம்மா தட்டத்தை மெல்ல மேசையில் வைத்தார். சிந்திய தேத்தண்ணியைச் சீலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"எதுக்குள்ளாலை வயரை விட்டனீங்கள்?"

முத்துலிங்கம் இராசேஸ்வரியைப் பார்த்தார். இராசேஸ்வரி, எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற இராசேஸ்வரி, கதிரையின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மூடியின்ரை இடுக்காலை அம்மா," என்றான் ஷாமில்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வடிவம்மாவை மட்டும் பார்த்தான். "நான் இப்பத்தான் பொலிசிலை பெட்டியைப் பாத்திட்டு வாறன். மூடியைக் கொஞ்சம் நெம்பி, அந்த இடுக்காலை விட்டிருக்கு. முகப்பிலை ஒரு ஓட்டை இருக்கு, அது சும்மா கிடக்குது. அதுக்குள்ளாலை ஒரு வயரும் போகேல்லை. என்ரை உம்மா மேலை ஆணையாச் சொல்லுறன்."

வாழ்நாளில் அவன் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. எல்லாம் ஆட்களைச் சிரிக்க வைக்கச் சொன்னவை. உம்மா மேல் ஆணையிட்டு அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வடிவம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ நல்ல பிள்ளை, தம்பி," என்றார். "எனக்கொரு உதவி செய். செத்தவீடு முடிஞ்ச கையோடை நான் தண்ணீரூற்றுக்குப் போய், அந்தப் பெடியன்ரை கடை வாசலிலை மண் அள்ளித் தூத்திச் சாபம் போட்டிட்டு வந்தனான். என்ரை பிள்ளையைச் சாகடிச்ச கை விளங்காமல் போகவேணும் எண்டு சொல்லித் தூத்தினனான். அவன்ரை மனிசி பாத்துக்கொண்டு நிண்டது. அந்தப் பிள்ளையிட்டைப் போய்ச் சொல்லு, பயப்பிட வேண்டாமெண்டு. அந்தச் சாபம் அவன்ரை கைக்குப் போகாது."

சொல்லிவிட்டு, ஆறிப்போகுது குடியுங்கோ என்று, வலக்கையால் ஒரு பேணியை எடுத்து அவனிடம் நீட்டினார்.